விமானத்துக்கு என்ன வயசு?

ஜவளகிரி பக்கம், ஓசூர் - தளி சாலையில் பெலகொண்டபள்ளி ஓடுதளம் இருக்கிறதல்லவா? அங்கே விமானங்களைப் பராமரிக்கிறார்கள். விமானத்துக்கும் வயதாகுமா? ஆகும்!

உயரே பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டுவார்கள். விமானத்தின் உடல் லேசாக உப்பும். இறங்கினால் பழையபடி சுருங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியுமே, அதுபோல உலோகத்தில் விரிசல் விழும். குறுந்தூர விமானங்கள் தினமும் பலமுறை ஏறி இறங்குவதால் சீக்கிரம் மூப்படையும்.

1988-ல், ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். விமானிகள் சாமர்த்தியமாகத் தரையிறக்க, மற்றவர்கள் பிழைத்தனர். அந்த 19 வயது விமானம் 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது!

அதனால்தான் நிறுவனங்கள் பறந்த தடவைகளை எண்ணி, சோதித்து, பழையதை மாற்றுகின்றன. இனி விமானத்தைப் பார்த்தால், "எத்தனை தடவை பறந்தாய்?" என்று கேளுங்கள்!