இன்ஜின் நின்றால் போதாது... பெட்ரோல் டேப்பையும் மூடுங்கள்!

'நாலு மாதம் சும்மா கிடந்த பவர் வீடரை வெளியே எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. கயிறு இழுத்தே தோள்பட்டை விட்டுப்போகிறது. என்ன செய்வது?'

களையெடுப்பு தொடங்கும் நேரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். தோப்பில் புல்வெட்டும் இயந்திரம் தள்ளுபவர்களும், பெட்ரோல் பம்ப்செட் வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் இருக்கிற சின்ன டேப்பை யாரும் மூடுவதில்லை. பாதிப் பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இந்த டேப் நன்றாகத் தெரியும். இப்போதைய ஸ்கூட்டர்களில் கையால் மூடும் டேப் இல்லாததால், இளவட்டங்களுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போய்விட்டது.

இந்த வகை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது. டேங்க் மேலே இருக்கும். பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிரம்பியதும் மிதவை மேலே எழும்பி, ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலைதான். டேப் திறந்தே கிடந்தால், இரவு பகலாகப் பெட்ரோலைத் தடுத்து நிற்பது அந்த ஊசி மட்டுமே. அதன் நுனி தேய்ந்தாலோ, ஒரு தூசி மாட்டிக்கொண்டாலோ பெட்ரோல் நிற்காமல் கசியும்.

வெளியே சொட்டினால் நல்லது, வாசனையிலேயே தெரிந்துவிடும். உள்ளே இறங்கினால்தான் ஆபத்து. சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் வழியாக வடிந்து, இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் தண்ணீராக நீர்த்துப்போகும். அது தெரியாமல் ஓட்டினால் பிஸ்டனும் பேரிங்கும் தேய்ந்து, இன்ஜின் ஜாம் ஆகிவிடும். அதனால் பல நாள் கிடந்த இயந்திரத்தில் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே கயிற்றைத் தொடவேண்டும்.

கயிறு இழுக்கவே வராமல் இறுகி நின்றால், சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பலம் கொண்டமட்டும் இழுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இயந்திரத்தை டெம்போவில் ஏற்றிப் போகும்போது டேப்பைக் கட்டாயம் மூடுங்கள். குலுக்கலில் ஊசி ஆடி ஆடி, வழியெல்லாம் பெட்ரோல் வழியும்.

இன்னொரு விஷயத்தை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் வீடரை நிறுத்துகிற இடம் பெரும்பாலும் மாட்டுக்கொட்டகையின் ஓரம், வைக்கோல் பக்கம், இல்லாவிட்டால் அடுப்படிச் சுவரை ஒட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பரவும். சில அடி தள்ளி எரியும் அடுப்போ, கொசுவுக்குப் போட்ட மூட்டமோ போதும், அதைப் பற்றவைக்க. மாடு கட்டியிருக்கிற இடத்தில் பெட்ரோல் இயந்திரத்தை நிறுத்தவே கூடாது என்பேன். வேறு இடமே இல்லையென்றால் டேப்பையாவது மூடிவிட்டுப் படுக்கப் போங்கள்.

மறுநாளும் வேலை இருந்தால், இன்ஜினை நிறுத்தி டேப்பை மூடினால் போதும். சில வாரம் ஓய்வு என்றால் முறை வேறு. இன்ஜின் ஓடும்போதே டேப்பை மூடுங்கள். கார்ப்பரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். ஆறியதும் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடலாம். அப்படிச் செய்யாவிட்டால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்து, ஊசிமுனை அளவுள்ள ஜெட் துளையை அடைத்துவிடும். மேலே கேட்ட கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். அடுத்த முறை முதலில் கார்ப்பரேட்டருக்குப் போவது அதுதான். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் காலி செய்துவிடுவது உத்தமம்.

டேப் இல்லாத புல்வெட்டும் இயந்திரத்துக்குத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பழைய டியூபில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் கேளுங்கள். சொட்டுநீர் வால்வையும் தண்ணீர் டியூபையும் மாட்டுவது வேண்டாம். பெட்ரோல் பட்டால் அவை கெட்டுக் கசியும். சைலன்சரிலிருந்து விலக்கி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

வாசகர்கள் கேட்டவை

பிரஷ் கட்டரில் டேப் இல்லையே?

டயாபிரம் வகை கார்ப்பரேட்டர் உள்ளவற்றில் பொதுவாக டேப் இருக்காது. பெட்ரோலை டேங்கிலிருந்து வடித்துவிட்டு, வேகம் கூட்டாமல் நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

டேப் திறந்துதான் இருக்கிறது. பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது?

டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். அதன் பிறகு ஓடினால், மூடியில் உள்ள காற்றுத்துளை மண்ணால் அடைத்திருக்கிறது.

டீசல் பவர் டில்லரையும் டேப்பை மூடியே நிறுத்தலாமா?

கூடாது. டீசல் தீர்ந்து ஓடினால் லைனில் காற்று ஏறிக்கொள்ளும். பிறகு பம்ப் பக்கம் திருகைத் தளர்த்திக் காற்றை எடுத்தால்தான் ஓடும். அதற்குரிய நிறுத்தும் லிவரில் நிறுத்திவிட்டு, டேப்பை அப்புறம் மூடுங்கள். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் திறக்க மறந்தாலும் இதே கதைதான்.