சாதி கேட்காத கூட்டம்

'காலனிக்காரன் என்றாலே குடிகாரன்' என்று ஊரில் சொல்வது பழி. குடி எல்லாத் தெருவிலும் உண்டு. அது சாதிக் குணமல்ல, நோய். ஆனால், மீள நினைக்கும் நம் ஆட்களுக்குக் கூடுதலாக ஒரு தயக்கம்: 'அங்கே சமமாக உட்கார வைப்பார்களா?'

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த இருவர் ஒருவருக்கொருவர் துணை நின்றதில் தொடங்கியது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. தமிழ்நாட்டிலும் இதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி; சாதியோ முழு முகவரியோ சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். கேட்டதை வெளியே பேசக் கூடாது. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்ற தனிக் கூட்டம் உண்டு.

எங்கே விசாரிப்பது? போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எனவே முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கூட்டம் தொலைவில் நடக்கிறதா? நிறுத்த விரும்பும் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு குழுதான். நம் காலனி சமுதாயக் கூடத்தில் வாரம் ஒரு மாலை போதும். மாணவர்களே, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள்.