சுண்டெலி தரும் சான்று

சென்ற திங்களில் ஒருநாள் மாலை திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் என் பழைய மாணாக்கர் ஒருவரைக் கண்டேன். அவர் கையில் நாளிதழ்த் துணுக்கு ஒன்று இருந்தது. சோதனைச்சாலைச் சுண்டெலிகளின் குடற்கட்டியைப் புதுமருந்து ஒன்று கரைத்துவிட்டது என்பது செய்தி. “ஐயா, என் தந்தையாருக்கும் பெருங்குடற் புற்றுத்தான். இப்போதைய சிகிச்சையை நிறுத்திவிட்டு இம்மருந்துக்குக் காத்திருக்கலாமா?” என்று வினவினார். அவருக்குக் கூறிய விடையையே உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

புதுமருந்தை எடுத்த எடுப்பில் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தல் தகாது. ஆதலின் நோய்க்கு ஒரு மாதிரியை முதலில் ஆக்கிக்கொள்கின்றனர். அவற்றுள் மூன்றைக் கூறுவேன்.

முதலாவது, புற்றணுக்களைத் தட்டில் வளர்ப்பது. மருந்து அணுவைக் கொல்லுமா என்பதை அது காட்டும். ஆனால் தட்டில் கல்லீரலும் இல்லை, குருதியோட்டமும் இல்லை.

இரண்டாவது, மனிதக் கட்டியைச் சுண்டெலியின் உடலில் நட்டு வளர்ப்பது. அயலான பொருளை எலியின் உடல் ஏற்குமோ எனில், உரோமமும் தைமஸ் சுரப்பியும் இன்றிப் பிறக்கும் ஒருவகை எலிக்கு எதிர்ப்பாற்றல் குறைவு. 1969-இல் கோபன்ஹேகனில் ரைகார்ட், பாவ்ல்சன் என்னும் இருவர் அவ்வகை எலியில் மனிதப் பெருங்குடற் கட்டியை வளர்த்தனர்.

மூன்றாவது, நோயாளியின் கட்டித் துணுக்கிலிருந்தே நுண்ணிய உருண்டைகளை வளர்ப்பது. 2009-இல் நெதர்லாந்தில் சாட்டோ, கிளெவர்ஸ் முதலியோர் எலிக்குடலின் ஒரே மூல அணுவிலிருந்து குடலமைப்பை ஒத்த உருண்டையை வளர்த்த பின்னர் இம்முறை பரவிற்று.

மாதிரியின் சொல்லை முற்றும் நம்பலாமா? ஒரு வரலாறு கேளுங்கள். 1966-இல் அமெரிக்காவில் வால் என்பவரும், இந்தியாவிற் பிறந்த மன்சுக் வானியும் சீன மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அஃது எலியின் குருதிப்புற்றை அடக்கிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதனோடு ஆராய்ந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றிலும் அஃது உண்டென 1972-இல் வெளியிட்டார்.

ஆயினும் நோயாளிகளுக்கு அளித்தபோது பயன் சிறிது, தீங்கு பெரிது. சிறுநீர்ப்பை புண்பட்டது; சோதனை கைவிடப்பட்டது. பின்னர் ஜப்பானியர் அதனைத் திருத்தி ஆக்கிய இரினோடெகான், 1996-இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது, இன்றும் வழங்கப்படுகின்றது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. உடலிலுள்ள ஒரு நொதி மாற்றிய பின்னரே இம்மருந்து முழு வீரியம் பெறும். அந்நொதி எலியின் குருதியில் மிகுதி. மனிதக் குருதியில் குறைவு. எலி பெற்ற பயனை மனிதனும் அப்படியே பெறுவான் என எண்ணலாகாது.

எங்கள் மலை, வலம் வருவோர்க்குத் திசைதோறும் வேறு வடிவம் காட்டும். ஒரு திசையில் கண்டதே முழு மலை ஆகாது. மாதிரிகளும் அத்தகையனவே. எலியின் சான்று ஆராய்ச்சிக்குத் தொடக்கம். நோயாளிக்கு மருந்துச்சீட்டு அன்று.

“சிகிச்சையை நிறுத்தாதீர். இத்துணுக்கை மருத்துவரிடம் காட்டிக் கேளும்,” என்றேன். அவர் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் தந்தையாரை வழக்கம்போல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார் என அறிந்து மனம் ஆறினேன்.