வௌவால்களின் குரலுக்குக் காத்திருக்கும் கணக்கெடுப்பு

புது தில்லி: நாட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்பதை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மத்திய அரசு அறிவிக்கிறது. காட்டுப் பாதைகளில் பொருத்தப்படும் தானியங்கி கேமராக்கள் அதற்குப் பெரிதும் துணை நிற்கின்றன. ஆனால், இந்தியப் பாலூட்டி இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இருக்கும் வௌவால்களுக்கு அத்தகைய தேசியக் கணக்கெடுப்பு இல்லை. சுமார் 135 வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றில் பலவற்றைப் பற்றி, எங்கோ ஒரு குகையில் எப்போதோ பிடிபட்டது என்பதற்கு மேல் விவரம் கிடையாது.

இருளில் பறக்கும் உயிரினத்தைக் கேமராவைக் கொண்டு இனம் காண்பது கடினம். வலை விரித்தால், உயரப் பறப்பவை சிக்குவதில்லை. எனவே, அண்மைக்காலமாக ஆய்வாளர்கள் வௌவால்களின் குரலைப் பதிவு செய்யும் முறைக்கு மாறி வருகின்றனர்.

பூச்சியுண்ணும் வௌவால்கள் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இரையையும் தடையையும் அறிகின்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கிய கருவியின் உதவியுடன் அந்த ஒலியை முதன்முதலாகப் பதிவு செய்தார். மனிதச் செவி சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரையே கேட்கும். வௌவால்களின் ஒலி பெரும்பாலும் அதற்கு மேற்பட்டது. குதிரைலாட மூக்கு, இலைமூக்கு வௌவால்களில் ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய நிலையான அலைவரிசை உண்டு. வானொலி நிலையங்களைப் போல, அலைவரிசையைக் கொண்டே பலவற்றை இனம் காணலாம்.

இத்தகைய பதிவுக் கருவிகள் முன்னர் லட்சக்கணக்கில் விலை பெற்றவை. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் உருவாக்கிய "ஆடியோமாத்' என்ற சிறு கருவி, அந்த நிலையை மாற்றியது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியை மரத்தில் கட்டிவிட்டால், இரவெல்லாம் தானே பதிவு செய்யும்.

தமிழகத்தின் வால்பாறையில் நடைபெற்ற ஆய்வு, இம்முறையின் பயனுக்குச் சான்று. தேயிலைத் தோட்டங்கள், காபித் தோட்டங்கள், எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகள், ஆற்றோரங்கள் ஆகியவற்றில் குரல் பதிவும் வலைப் பிடிப்பும் மேற்கொள்ளப்பட்டன. நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டங்கள் பல வகை வௌவால்களுக்கு இடமளிப்பதும், வெட்டவெளித் தேயிலை அவற்றை விரட்டுவதும் தெரியவந்தன. உத்தரகண்ட் மலைப்பகுதியிலும் குரல் பதிவுடன் கூடிய ஆய்வு, அங்கு அறியப்படாதிருந்த வகைகளைப் பதிவு செய்துள்ளது.

குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியை நம்புவதில்லை. அவற்றை ஆலமரத்தடியில் நின்றுதான் எண்ண வேண்டும். சில வகைகள் மிக மெல்லிய ஒலி எழுப்புவதால் கருவிக்கு எட்டுவதில்லை. பத்து முறை பதிவான குரல் பத்து வௌவால்களுடையதா, பத்து முறை சுற்றிவந்த ஒன்றினுடையதா என்றும் கூற இயலாது.

இதனினும் பெரிய இடர், ஒப்பிட்டுப் பார்க்க இந்தியக் குரல் தொகுப்பு முழுமையாக இல்லாததே. ஐரோப்பிய வௌவால்களுக்கென எழுதப்பட்ட மென்பொருளிடம் இந்தியக் குரலைக் கொடுத்தால், தவறான பெயரைத் தயங்காமல் சொல்லும். ஆகவே, முதலில் வௌவாலைப் பிடித்து, இனம் கண்டு, விடுவிக்கும்போது குரலைப் பதிவு செய்தாக வேண்டும். சரணாலயங்களில் இதற்கு வனத் துறையின் அனுமதி தேவை.

சட்டமும் வௌவாலிடம் பரிவு காட்டியதில்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இரண்டொரு விதிவிலக்கு தவிர, பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்துடன் "தீங்கு விளைவிப்பவை' பட்டியலில் வைத்தது. 2022-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. இதற்கிடையே, 2018-ல் கேரளத்தில் பரவிய நிபா, 2020-ல் கரோனா அச்சம் ஆகியவற்றால் வௌவால்கள் மீதான வெறுப்பு பெருகியது.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளி கிராமக் குகை ஒன்றில் மட்டுமே எஞ்சியுள்ள கோலார் இலைமூக்கு வௌவால், உலகில் வேறெங்கும் இல்லை. 1994-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அவ்வகையின் எண்ணிக்கை சில நூறைக்கூட எட்டாது. கருங்கல் குவாரிகள் அதன் வாழிடத்தை அழித்தன. அருகிலிருந்த தேரஹள்ளிக் குகையில் வாழ்ந்தவை மறைந்துவிட்டன.

கல் குவாரியாவது கண்ணுக்குத் தெரிகிறது, காற்றாலை அப்படியல்ல. சுழலும் இறக்கைகளில் வௌவால்கள் மடிவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. காற்று குறைந்த இரவுகளில் இறக்கைகளை நிறுத்தி வைத்தால் இழப்பு பெருமளவு குறைகிறது என்பதும் அங்கே உறுதியாகியுள்ளது. எந்த இரவுகளில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க, காற்றாலைகளிலேயே குரல் பதிவுக் கருவிகள் பொருத்தப்படுகின்றன.

இந்தியாவின் காற்றாலை மின் உற்பத்தித் திறன் 2025 மார்ச்சில் 50 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டியது. ஆனால், 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன்அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலை இடம்பெறவில்லை. நிலக்கரிக்கு மாற்று தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், கோபுரம் எழும்பும் முன்னர் ஓராண்டு இரவுகளின் ஒலியைப் பதிவு செய்யுமாறு நிறுவனங்களுக்கு ஆணையிட அரசுக்கு என்ன தடை? திட்டச் செலவுடன் ஒப்பிட்டால், அக்கருவிகளின் விலை மிகச் சொற்பம்.