நாவின் விருப்பும் வெறுப்பும்

ஒரே பந்தியிலே இருவர் அமர்ந்திருக்கின்றனர். இருவர் இலைகளிலும் ஒரே கறிகளே படைக்கப்பட்டுள்ளன. ஒருவர் பாகற்காய்க் கறியை முதலில் உண்டு, மறுமுறையுங் கேட்கின்றார். மற்றவரோ அதனை இலையின் ஓரத்துக்குத் தள்ளி, அது தொட்ட சோற்றையும் ஒதுக்கிவிடுகின்றார். இருவரும் ஒரே ஊரவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவும் இருத்தல் கூடும். இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவுக்கு நாம் ஆராயாமலே விடை கூறிவிடுகின்றோம். ஒதுக்குபவரைச் செல்லத்தாற் கெட்டவர் என்கின்றோம்; பிறர் விரும்பாததை விரும்புபவரை வாய்க்கு அடிமையானவர் என நகைக்கின்றோம். உணவிலுள்ள விருப்பு வெறுப்புக்கள் குணக்குற்றங்கள் அல்ல என்பதை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

நம் முன்னோர் சுவை ஆறெனக் கொண்டனர். இக்கால அறிவியலார் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கோடு, 1908ஆம் ஆண்டில் யப்பானிய இரசாயன அறிஞர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலே கண்டறிந்த 'உமாமி' என்னுஞ் சுவையையுஞ் சேர்த்து ஐந்தென்பர். இவற்றுள் இனிப்பை விரும்புதலும் கைப்பை வெறுத்தலும் எவருங் கற்பியாது வருவன. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தடவினால் அதன் முகம் மலரும். கைப்பைத் தடவினாற் சுளிக்கும். தாய்ப்பால் இனிப்பது, தாவரங்களிலுள்ள நஞ்சுகள் பல கைப்பன. ஆகவே இவ்வியல்பு உயிரைக் காக்கும் காவலெனலாம்.

எனினும் எல்லா நாவுகளும் ஒரே வகையின அல்ல. 1931இல் அமெரிக்க இரசாயன அறிஞர் ஆதர் பொக்ஸ் தமது ஆய்வுகூடத்திலே ஒரு தூளைக் கையாண்டபோது, அது காற்றிற் பரந்தது. அருகில் நின்ற தோழர் அது மிகக் கைக்கின்றது என முறையிட்டார். பொக்ஸ் தாமும் அதனைச் சுவைத்துப் பார்த்தார். அவருக்குச் சுவை யாதும் தோன்றவில்லை. ஒருவர் பொய் கூறுகின்றார் எனக் கொள்ளாது, பலரையுஞ் சோதித்தபோதே மனிதர் நாவால் வேறுபடுவர் என்பது புலனாயிற்று. அவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமான பரம்பரையலகு 2003இல் இனங்காணப்பட்டது. கோவா முதலிய காய்கறிகளிலும் அத்தூளை ஒத்த கைப்புப் பொருள்கள் உள. எனவே கோவாவை ஒருவர் வெறுக்கின்றாரெனின், நாம் உணராத ஒரு கைப்பை அவர் உணர்தல் கூடும். நமக்குச் சுவையாக உள்ளது அவருக்கும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என வற்புறுத்துவது, நிறக்குருடரை நோக்கிச் சிவப்பைக் காணென்று கட்டளையிடுதல் போன்றதே.

இனி, பழக்கத்தால் வரும் விருப்பைப் பார்ப்போம். இப்பழக்கம் கருப்பையிலேயே தொடங்கிவிடுகின்றது. கருவுற்ற இறுதி மாதங்களிலோ பாலூட்டுங் காலத்திலோ தாய்மார் சிலருக்குக் கரட் சாறு கொடுத்து, அவர்தம் குழந்தைகள் பின்னர்க் கரட் கலந்த உணவை முகஞ் சுளிக்காது ஏற்றலை ஜூலி மெனெல்லாவும் அவர்தம் துணைவரும் 2001இல் வெளியிட்டனர். தாயின் அடுக்களையை நாம் பிறக்குமுன்னரே அறிந்துவிடுகின்றோம்.

மிளகாயைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இதற்கு வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய், போத்துக்கேயர் கீழைத்தேசங்களுக்கு வந்த பின்னரே நம்மவர் கைக்கு எட்டியது. இன்றோ மிளகாய்த்தூள் இல்லாத யாழ்ப்பாணத்து அடுக்களையை எண்ணிப்பார்த்தலும் அரிது. காரம் உண்மையில் ஒரு சுவையன்று. வெப்பத்தையும் நோவையும் உணரும் நரம்புகளையே மிளகாயிலுள்ள கப்சயிசின் தூண்டுகின்றது. அதனை ஏற்கும் வாங்கியை 1997இல் டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். அத்துறையில் ஆற்றிய பணிக்காக அவர் 2021இல் நோபல் பரிசு பெற்றார். நாவை எரிக்கும் பொருளை முதல்நாள் அழுதுகொண்டு துப்பிய குழந்தை, சில ஆண்டுகளிற் சம்பல் போதாதென்று அழுகின்றது. நோவையும் இன்பமாக்க வல்லது பழக்கம்.

வெறுப்போ ஒரே நாளிலும் உண்டாகிவிடும். 1955இல் ஜோன் காசியா என்னும் உளவியலறிஞர் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிய நீரைக் கொடுத்து, அப்போதே காமாக் கதிர்களையும் அவற்றின்மீது செலுத்தினார். கதிரால் நோயுற்ற எலிகள் பின்னர் அவ்வினிய நீரை நாடவில்லை. நோயைத் தந்தது நீரன்று. எனினும் பழி நீரைச் சார்ந்தது. மரவள்ளிக்கிழங்கு உண்ட அன்று தற்செயலாகக் காய்ச்சலும் வாந்தியுங் கண்ட ஒருவர், நாற்பது ஆண்டு கழிந்தும் அதன் மணத்தைத் தாங்காமை இவ்வாறானதே. கிழங்கு குற்றமற்றதென அவர் அறிவு கூறும், வயிறு ஒப்பாது.

உணவோடு ஒட்டி நிற்பது நோய் மட்டுமன்று. துயரும் ஒட்டி நிற்கும். 1995இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோரும், 2009இல் வன்னியின் இறுதி நாள்களைக் கடந்தோரும் எம்மிடையே உளர். அன்று உயிர்காத்த கஞ்சியை ஆண்டுதோறும் நினைவோடு பருகுவோர் ஒருசாரார். அதன் மணம் எழுந்த அளவில் எழுந்து வெளியே செல்வோர் மற்றொருசாரார். பின்னவரை நன்றியற்றவர் எனக் கூறுதல் எத்துணைப் பெருங் கொடுமை!

நிற்க, மறைத்துண்ணும் இன்பங்கள் சிலவும் உண்டு. யாவரும் உறங்கியபின் ரின்பாலைக் கரண்டியால் வழித்துண்போர், தோசைக்குச் சீனி தூவி உண்போர், விருந்துக்குப் பின்னும் பழஞ்சோற்றை நாடுவோர் எனப் பலரை நாம் அறிவோம். இவர்களுட் சிலர் அளவு கருதி நாணுகின்றனர். அந்நாணம் ஓரளவு பொருந்தும். வேறு சிலர் அவ்வுணவு தம் மதிப்பைக் குறைத்துவிடும் என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் பிறர் ஊட்டியது. அதனை ஊட்டியோருள் நாமும் ஒருவர்.

நாம் விடுதியில் வாழ்ந்த காலத்திலே கிராமத்து மாணவன் ஒருவன் விடுமுறை கழிந்து வரும்போதெல்லாம் றங்குப்பெட்டியிற் புழுக்கொடியல் கொண்டுவருவான். பகலில் வெளியே எடுக்கமாட்டான். விளக்கணைந்த பின் போர்வைக்குள் அவன் அதனைக் கடிக்கும் ஓசை கேட்கும். எம்முடைய பெட்டிகளிற் கடைப் பிஸ்கோத்துக்கள் இருந்தமையால் நாம் பெரியவராகிவிட்டோம். அவ்வோசையைப் போலவே ஒலியெழுப்பி நகைத்தோம். அடுத்த தவணையில் ஓசை கேட்கவில்லை. அவன் அதனைக் கொண்டுவரவேயில்லை. எமது வீட்டிலும் புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு விரும்பியுண்டவரே நாம் என்பதை அன்று எவருக்கும் கூறினோமல்லோம்.

பனம்பழத்தின் களியிலே பிளாபெலிபெரின் எனப்படும் கைப்புப் பொருள்கள் உள்ளன. அதன் மணமும் அயலாருக்கு எளிதில் ஒவ்வாது. சுட்ட பனம்பழத்தைச் சூப்பி வளர்ந்தவனுக்கோ அம்மணமே ஆவணி மாதத்து வீட்டு முற்றம். பினாட்டும் ஒடியற்கூழும் அத்தகையனவே. 1990களிற் பொருளாதாரத் தடையாற் சீனி அரிதானபோது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகாத வீடு குடாநாட்டிற் குறைவு. நாணி மறைத்தவை நம்மை மறைக்காது காத்தன.

எல்லா விருப்பையும் விட்டுவிடலாம் என்பதன்று எமது கருத்து. பச்சையரிசி, மண், சுண்ணக்கட்டி, பனிக்கட்டி ஆகியவற்றை அடக்கமுடியாத ஆவலோடு மெல்லுதல் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகையோரை ஏசாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். நீரிழிவுடையோருக்கு ரின்பால் இன்பமாயினும் அளவு அளவே.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று கூறுவோம். ஒரு பானத்தைக் குடித்தாற் பரிசுண்டு எனச் சிறுவருக்கு வாக்களித்தபோது, அப்பானத்தில் அவர்களுக்கிருந்த விருப்பங் குறைந்ததை லியான் பேர்ச்சும் அவர்தம் துணைவரும் 1984இல் எடுத்துக்காட்டினர். பரிசுக்கே இந்நிலையெனின் பிரம்புக்குக் கூறவேண்டியதில்லை. வற்புறுத்தாது, சிறு அளவிற் பலமுறை முன்வைத்து, நாமும் விரும்பியுண்டு காட்டுதலே தக்க வழி. பத்து முறைக்கு மேலும் பொறுக்க நேரலாம்.

விழாவை முன்னிட்டு நாம் மீண்டும் ஒரே பந்தியில் அமரவிருக்கின்றோம். பக்கத்திலிருப்பவர் எதை ஒதுக்கினார், எதை மும்முறை கேட்டார் என எண்ணுவதை விடுத்து, அவர் கதையைக் கேட்போம். புழுக்கொடியல் கொண்டுவந்த அந்நண்பரும் வருவாராயின், நாம் ஒரு பொதி வாங்கிவைத்திருப்போம். பகல் வெளிச்சத்திலே, யாவரும் கேட்க, அவரோடிருந்து கடித்துண்ண விரும்புகின்றோம்.