கொட்டில் இல்லமாகும் விதம்

இங்கிலாந்தின் வடபால் யார்க்‌ஷயர் டேல்ஸ் என வழங்கும் பள்ளத்தாக்குகளிலே, விசேஷமாக ஸ்வேல்டேல் பிரதேசத்திலே, ஏறக்குறைய புல்வெளிக்கு ஒன்றாக நிற்கும் கற்கொட்டில்கள் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. கீழே பசுக்கள் குளிர்காலத்தைக் கழிக்க, மேலே பரணில் கோடையில் உலர்த்திய புல் நிறைந்திருக்கும். விவசாய முறை மாறி உபயோகமற்றுப்போன இவற்றுள் சில இன்று வாசஸ்தலங்களாகி வருகின்றன.

இக்கொட்டிலின் சுவர் உண்மையில் இரண்டு சுவர். எதிரெதிராக இரு வரிசைக் கற்களை அடுக்கி, இடையே சில்லுக் கற்களை நிரப்பி, இரண்டும் பிரிந்துவிடாதபடி ஆங்காங்கே முழுக் கனத்துக்கும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்திருப்பார்கள். அவற்றின் நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு வரிசை வரிசையாகத் தெரியும். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு ஏதும் கிடையாது. ஆகவே மண்ணிலிருந்து ஏறும் நீரும் சாரலும் சுவரில் புகுவது சகஜம். புகுந்த ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியே காற்றோடு போய்விடும். வேலை சுருக்கமாய் முடியுமென்று சந்துகளில் சிமெண்டை அடைப்பவரோ அவ்வழியை மூடிவிடுகிறார். சிறைப்பட்ட நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிய, கடினமான சிமெண்ட் அசையாது நிற்க, பாவம், கல்லின் முகமே பெயர்ந்து விழுகிறது. 1877-ல் வில்லியம் மாரிஸ் முதலியோர் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சுண்ணாம்பையே வற்புறுத்துவதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. சிமெண்டுக்குச் சுமார் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும்; சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும்; சூளையில் வெளிப்பட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காரை இறுகும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது.

குளிரைத் தடுக்க, சுவரின் உட்புறத்தில் கஞ்சா இனச் செடியின் தண்டுத் துணுக்குகளைச் சுண்ணாம்புடன் கலந்து அப்புகிறார்கள். (வாசகர் திடுக்கிட வேண்டாம், இது போதைச் சத்து மிகக் குறைந்த ரகம்.) கூரைக்கு ஆட்டு ரோமம். தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் நனைந்ததாகத் தோன்றாத இவ்வஸ்து, கத்தரிக்கும் கூலிக்குக்கூட விலைபோகாமல் அங்குள்ள பண்ணைகளில் கிடக்கிறது! கூரையின் கற்பலகைகளை, அடியோரத்தில் பெரியவையும் உச்சியை நோக்கிச் சிறியவையுமாக இருந்த கிரமப்படியே, கழற்றி மீண்டும் பதிக்க வேண்டும். அங்கே வௌவால் குடியிருந்தாலோ, சட்டப்படி அனுமதி பெறாமல் ஒரு பலகையையும் தொடலாகாது.

காரை இறுகுமுன் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடுமாதலால், குளிர்காலம் முழுதும் சுண்ணாம்பு வேலை பெரும்பாலும் நின்றுவிடும். அந்த மாதங்களில் வேறிடத்தில் தங்குவதற்கான வாடகையையும் சேர்த்தே மதிப்பீடு போட்டுக்கொள்வது உசிதம்.