கொத்தலஹிம்புட்டு கோப்பையும் ஒரு வியாபாரியின் வார்த்தையும்

கண்டி வீதியோரத்தில் எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. வாசனைச் சரக்குகளோடு மரச் சாமான்களும் விற்கிறேன். எந்தக் காலத்திலும் தேங்காத சரக்கு கொத்தலஹிம்புட்டு கோப்பைதான். தமிழில் பொன்கொறண்டி என்பார்கள். இரவில் அந்தக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி வருத்தம் குறையும் என்பது நமது நாட்டில் எல்லாச் சமூகத்தவரும் அறிந்த கைவைத்தியம்.

பல வருடங்களாக நானும் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் விற்றேன். "ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க, சீனி தானா இறங்கும்."

அதை நம்பி வாங்கியவர்களில் ஒருவர் பக்கத்து ஊர் புடவைக்கடை ஹாஜியார். சில மாதங்களின் பின் அவரைக் கண்டபோது கையில் ஊன்றுகோல். காலில் வந்த புண் ஆறாமல், ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். நான் பதறிப்போய் விசாரித்தேன். "ஒங்கட கோப்பைய நான் ஒரு நாளும் விடல்ல. குளிசையத்தான் விட்டேன்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் விற்றது பொய்யா, மெய்யா?

இந்தக் கேள்வியோடு என் சகோதரியின் மகளிடம் போனேன். அவள் பார்மசி படித்தவள். அவள் சொன்னதையும் பிறகு நான் தேடி அறிந்ததையும் வர்த்தகச் சகோதரர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பூட்டும் சாவியும்

"மாமா, கோப்பையில் மருந்து இருப்பது மெய்தான். ஆனால் அது எந்தப் பூட்டுக்குச் சாவி என்று நீங்கள் கேட்கவில்லை" என்றாள்.

நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாப்பொருள், குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட மாலை போன்றது. மாலையாக அது இரத்தத்துக்குள் நுழைய முடியாது. தனித்தனி மணியாகப் பிரிய வேண்டும். அந்த வேலையின் கடைசிக் கட்டத்தைச் சிறுகுடலின் சுவரிலுள்ள அல்பா குளுக்கோசிடேஸ் என்னும் நொதியங்கள் செய்கின்றன. ஒரு நொதியமும் அது உடைக்கும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று 1894இல் முதலில் சொன்னவர் எமில் பிஷர் என்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர்.

பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத ஒரு சாவியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? சரியான சாவிக்கு இடமில்லாமல் போகும். மாலை மெதுவாகவே பிரியும். சாப்பிட்டவுடன் சீனி திடீரென ஏறாது. இன்று மருந்து தேடும் இரசாயனவியலாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். முதலில் உடலில் பூட்டைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதற்குப் பொருந்தும் மூலக்கூறைத் தேடுவார்கள்.

இந்தப் பூட்டுக்கு முதலில் சாவி செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது ஜேர்மனியின் பேயர் நிறுவனம். மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து பெற்ற அகார்போஸ் என்ற மருந்து அங்கு 1990இல் விற்பனைக்கு வந்தது. அது பூட்டை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். வேறு சீனி மருந்தோடு இதையும் எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கினால், சீனி போட்ட தேநீர் உடனே கைகொடுக்காது. சீனியை உடைக்கும் பூட்டும் அடைபட்டிருக்கும். குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

நமது மரத்திலிருந்த சாவி

1997இல் ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யொஷிகாவாவின் குழுவினர் நமது கொத்தலஹிம்புட்டிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குச் சலாசினோல் என்று பெயரிட்டார்கள். அடுத்த வருடம் இன்னொன்றைப் பிரித்து, நமது பெயரையே வைத்து கொத்தலனோல் என்றார்கள். இரண்டும் அதே பூட்டை அடைப்பவை. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜப்பானிலும் கனடாவிலும் சலாசினோலை மரமே இல்லாமல் ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார்கள். இந்த மூலக்கூறுகள் மனித நொதியத்துக்குள் எப்படி அமர்கின்றன என்பதை 2010இல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது.

இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. 51 நோயாளிகளுக்குக் கொத்தலஹிம்புட்டு தேநீரையும் வெற்றுத் தேநீரையும் மும்மூன்று மாதங்கள் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்டநாள் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு வெற்றுத் தேநீருடன் சராசரியாக 6.65, கொத்தலஹிம்புட்டுடன் 6.29. பலன் உண்டு. ஆனால் அது எவ்வளவு சிறியது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

முன்கதவும் பின்கதவும்

அப்படியென்றால் ஹாஜியாருக்கு ஏன் அந்த நிலை வந்தது?

இரத்தத்துக்குச் சீனி இரண்டு வழிகளால் வருகிறது. ஒன்று குடல், அது முன்கதவு. மற்றது ஈரல், அது பின்கதவு. நாம் உண்ணாத நேரத்திலும் ஈரல் குளுக்கோஸ் செய்து வெளிவிடும். சீனி வருத்தக்காரருக்கு அது கட்டுமீறி வரும். ஹாஜியார் விட்ட குளிசை மெட்போர்மின். அதன் முக்கிய வேலை ஈரலைக் கட்டுப்படுத்துவது. கோப்பைத் தண்ணீரிலுள்ள மூலக்கூறுகளின் பூட்டோ குடலில் இருக்கிறது. முன்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்துபோட்டது போலாயிற்று அவர் கதை.

அதிலும் அவர் குடித்தது வெறும் வயிற்றில். இவ்வகைச் சாவி உணவு குடலில் இருக்கும்போதுதான் உதவும். அகார்போஸைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுக்கச் சொல்வது அதனால்தான். காலையில் குடித்த தண்ணீர் பகல் சோற்றுக்கு என்ன செய்யும்?

அளவு தெரியாத சரக்கு

வியாபாரிக்கு விளங்கும் விடயம் ஒன்று இதில் உண்டு. அகார்போஸ் குளிசையில் 50 மில்லிகிராம் அல்லது 100 மில்லிகிராம் என்று அளவு இருக்கும். நமது கோப்பையில் எவ்வளவு? மரம் இளசா முதிர்ந்ததா, கோப்பை புதிதா, ஆறு மாதம் ஊறியதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். நிறுக்காத சரக்குக்கு நாம் பற்றுச்சீட்டு எழுதுவோமா?

இலாபம் எங்கே போயிற்று என்பதையும் பாருங்கள். ஒரு ஜப்பானிய நிறுவனம் 2002இல் இதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. ஜப்பானில் இந்த இனத் தாவரங்களின் சாறு சேர்த்த உணவுப் பொருட்கள் விற்பனையாகின்றன. நாம் மரத்தைக் கடைந்து கோப்பையாக விற்கிறோம். கொடியோ காட்டில் மெதுவாக வளர்வது. வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். அதனால்தான் அனுமதியின்றி இதை ஏற்றுமதி செய்ய நமது சட்டம் இடம்கொடுப்பதில்லை. மரம் ஒன்றுதான். அதற்குள் என்ன, எவ்வளவு, எந்தப் பூட்டுக்கு என்று அறிந்தவனுக்கே பெரிய விலை கிடைத்திருக்கிறது.

கடையில் நாம் செய்யக்கூடியவை

நான் கோப்பை விற்பதை நிறுத்தவில்லை. வார்த்தையை மாற்றிக்கொண்டேன்.

முதலாவது, சீனி வருத்தத்தைச் சுகப்படுத்தும் என்று சொல்வதில்லை. இரண்டாவது, வாங்குபவர் குளிசை குடிப்பவரா என்று கேட்கிறேன். ஆம் என்றால், "குளிசைய விட வேணாம், டொக்டர்ட்ட சொல்லிட்டுக் குடிங்க" என்கிறேன். இரண்டும் சேர்ந்து சீனியை அதிகம் இறக்கவும் கூடும். மூன்றாவது, கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் என்று கேட்டால் கொடுப்பதில்லை. நான்காவது, எங்கிருந்து வந்த மரம் என்று கேட்காமல் கொள்முதல் செய்வதில்லை.

விற்பனை கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை.

போன மாதம் ஹாஜியார் கடைக்கு வந்தார். இப்போது குளிசையும் ஒழுங்கு, கிளினிக்கும் ஒழுங்கு. அலுமாரியில் அடுக்கியிருந்த கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "இன்னும் விக்கிறீங்களா?" என்றார்.

"விக்கிறேன் ஹாஜியார். ஆனா இப்ப பாதி நேரம் பேச்சுக்குத்தான் போகுது" என்றேன்.

"அந்தப் பேச்ச எனக்கும் அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.